பதினைந்து ரூபாய் நாய்க்குட்டி
புலி வேட்டைக்காரர் கார்பெட்டின் வாழ்க்கையில் ஒரு பக்கம்

தீபாவளியன்று முதல் வெடி வெடித்ததும் வீட்டு நாய் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக் கொள்ளும். வாலைச் சுருட்டி வயிற்றோடு ஒட்டிக் கொள்ளும். கறிச் சோறு வைத்து அழைத்தாலும் வெளியே வராது.

பழனிமலை அடிவாரத்தில், மருதாநதிப் பக்கம் அய்யம்பாளையம் போன்ற ஊர்களில் தோப்புக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் உண்டு. காட்டுப் பன்றியை விரட்ட வெடி போட்டால், பன்றி ஓடுகிறதோ இல்லையோ, காவல் நாய் முதலில் ஓடிவிடும்!

நாய்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது லேசான காரியம் அல்ல. உட்காரச் சொன்னால் எழுந்து ஓடும். எடுத்து வரச் சொன்ன பொருளைக் குழி தோண்டிப் புதைக்கும். கோபம் வந்து நாலு அடி கொடுத்தால், அதற்குப் பிறகு பக்கத்திலேயே வராது.

உலகப் புகழ் பெற்ற வேட்டைக்காரர் ஒருவருக்கும் ஒரு நாய் வாய்த்தது. அது மெலிந்த குட்டி. இருதயமும் பலவீனம். அந்த நாயைக் கொண்டு அவர் புலியையும் சிறுத்தையையும் தேடிக் காட்டில் நடந்தார்.

அவர்தான் ஜிம் கார்பெட்.

தபால்காரர் மகன்

கார்பெட் வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது இந்தியாவில். 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, இமயமலைச் சாரலில் உள்ள நைனிடால் என்ற ஊரில் பிறந்தார். நமக்குக் கொடைக்கானல் எப்படியோ, வடக்கே இருப்பவர்களுக்கு நைனிடால் அப்படி. நடுவில் ஏரி, சுற்றிலும் மலை.

அவருடைய தந்தை அந்த ஊர் தபால் அதிகாரி. வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு 6 வயது நிறைவதற்குள் தந்தை இறந்துவிட்டார். விதவைத் தாய்தான் அத்தனை பேரையும் வளர்த்தார். ஆடம்பரம் கிடையாது.

கோடைக்கு நைனிடால் வீடு. குளிர் வந்தால் அடிவாரத்தில் உள்ள காலாதுங்கிக்கு இறங்கி வந்துவிடுவார்கள். காலாதுங்கியைச் சுற்றி ஒரே காடு. அந்தக் காடுதான் பையன் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம். எந்தப் பறவை எப்படிக் கூவும், எந்த விலங்கைக் கண்டால் எந்தக் குரங்கு எப்படிக் கத்தும், புழுதியில் பதிந்த காலடி எத்தனை நேரத்துக்கு முந்தியது என்பதெல்லாம் அங்கே படித்தவை.

முதலில் உண்டிவில். பிறகு பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதன் இரண்டு குழல்களில் ஒன்று வெடித்துப் போயிருந்தது. கட்டையும் குழலும் பிரியாமல் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. இப்படிப்பட்ட துப்பாக்கியை எந்தத் தாயும் மகன் கையில் கொடுக்கப் பயப்படுவாள். ஜிம் அதைத் தோளில் போட்டுக் கொண்டு காட்டுக்குள் போய் வந்தான்.

6 வயதில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் அவர் கடைசி வரை மறக்கவில்லை. ஜிம்மும் 4 வயதுத் தம்பியும் காட்டுப் பக்கம் போயிருந்தபோது ஒரு பெண் கரடி சீறிக் கொண்டு வந்தது. கூட இருந்த வயதான நாய் குறுக்கே பாய்ந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்த நாயின் பெயர் ராபின். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

ரெயில் மூட்டை

ஜிம் மேல் படிப்புப் படிக்கவில்லை. வீட்டில் வசதி இல்லை. ரெயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். இன்ஜினுக்கு விறகு வெட்டி அனுப்பும் இடத்தில் முதல் வேலை. பிறகு பீகாரில் கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற துறை. கங்கைக்கு இந்தக் கரையில் அகல ரெயில். அந்தக் கரையில் குறுகிய ரெயில். இரண்டுக்கும் நடுவே பெரிய ஆறு. அத்தனை சரக்கையும் இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு அவர் காண்டிராக்டர். கூலி ஆட்களோடு தாமும் நின்று நிலக்கரி வாரினார். 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே காலம் போயிற்று.

அங்கே தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவரும் ஸ்டேஷன் மாஸ்டரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். உடனே ஜாதித் தகராறு வந்தது. ஒரே கட்டிடத்துக்குள் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் உட்காரக் கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்தார். சுவர்களை எடுத்துவிட்டார்! கூரை மட்டும் நின்றது. இப்போது அது கட்டிடம் அல்ல, வெறும் கொட்டகை. கொட்டகையில் சேர்ந்து உட்காரத் தடை இல்லையாம். பாடம் நடந்தது.

யாரிடமும் மல்லுக்கட்டாமல் வழியை மாற்றிக் காரியத்தை முடிக்கும் இந்தப் புத்தி, பின்னால் நாய் விஷயத்திலும் கார்பெட்டுக்குக் கை கொடுத்தது.

ஆட்கொல்லிகள்

அவர் பெயர் ஊரெங்கும் பரவியது ஆட்கொல்லிப் புலிகளால். 1907-ம் ஆண்டு சம்பாவத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெண் புலியைச் சுட்டார். நேபாளத்தில் 200 பேரும், குமாயூன் மலையில் 236 பேரும் அதற்குப் பலியானார்கள் என்பது கணக்கு. 1926-ம் ஆண்டு மே மாதம் ருத்ரபிரயாகையில் ஒரு சிறுத்தையைச் சுட்டார். பத்ரிநாத், கேதார்நாத் போகும் யாத்திரிகர் பாதையில் அது 8 ஆண்டுகள் நடமாடி 125 பேரைக் கொன்றிருந்தது. மாலை மங்கியதும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கதவைத் திறக்க ஆள் கிடையாது.

இந்த வேட்டைகளுக்கு அவர் பணம் வாங்கவில்லை. மலை மக்கள் அவரைக் கார்ப்பெட் சாகிப் என்று அழைத்தார்கள். தமக்குப் பயமே கிடையாது என்று அவர் ஒரு நாளும் சொல்லிக் கொண்டதில்லை. எங்கெங்கே பயந்தார் என்பதைத் தம் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பயம் என்றால் என்ன என்று தெரிந்த மனிதர்தான் ராபினுக்கு எஜமானராக வாய்த்தார்.

அழுக்குக் கூடை

ஒரு நாள் காலை. பல் கிட்டும் குளிர். கார்பெட்டுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி நாய்க்குட்டி வாங்க விரும்பினார். தெரு கூட்டும் ஒருவர் ஒரு கூடையைக் கொண்டு வந்து கவிழ்த்தார். 7 குட்டிகள். ஸ்பேனியல் ஜாதி என்றார். தொங்கும் காதும் நீண்ட மயிரும் உள்ள ஜாதி அது. சுட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து வருவதில் பெயர் பெற்றது.

கூடையில் நாற்றம் தாங்கவில்லை. குட்டிகள் எல்லாம் எலும்பும் தோலும். அவற்றிலும் கடைக்குட்டி, பிஞ்சா என்று பெயர், இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. அது தள்ளாடி நடந்து வந்து கார்பெட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே சுருண்டு படுத்துக் கொண்டது.

கார்பெட் நாய் வாங்க வந்தவர் அல்ல. ஆனால் குட்டியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டார். அது நன்றியாக முகத்தை நக்கியது. விலை 15 ரூபாய். அந்தக் காலத்து 15 ரூபாய் என்றால் சும்மா இல்லை. சாகக் கிடக்கும் குட்டிக்கு யாரும் கொடுக்கத் தயங்கும் பணம்தான்.

வீட்டில் வெந்நீர், சோப்பு, வயிறு நிறையச் சோறு. பழைய பெயர் போயிற்று. கரடியிடமிருந்து காப்பாற்றிய அந்தக் கிழ நாயின் பெயரே இதற்கு வந்தது. ராபின்!

முதல் பாடம்

சில வாரங்களில் குட்டி தேறியது. இனிப் பாடம் தொடங்கலாம் என்று கார்பெட் நினைத்தார். துப்பாக்கி நாய்க்கு முதல் பாடம் வெடிச் சத்தம். அதற்கு ஒரு முறை உண்டு. குட்டியின் காதருகே சுட்டுவிடக் கூடாது. முதலில் நாம் விலகிப் போய்த் தூரத்தில் சுட வேண்டும். குட்டி பயப்படவில்லை என்று கண்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வர வேண்டும். முதல் நாளே மிரண்டுவிட்டால், அந்த நாய் ஆயுளுக்கும் துப்பாக்கியைக் கண்டு ஓடும்.

இதெல்லாம் கார்பெட்டுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அப்படித்தான் செய்ய நினைத்துப் புறப்பட்டார். ஆனால் முள் புதர் ஓரம் போகும்போது ஒரு பெண் மயில் எழும்பியது. வேட்டைக்காரனின் கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. பின்னால் குட்டி வருவதையே மறந்து சுட்டுவிட்டார்!

குட்டி ஓடியது. ஆனால் வீட்டைப் பார்த்து அல்ல. மயில் விழுந்த புதருக்குள் ஓடியது.

கார்பெட் புதரைச் சுற்றி மறுபக்கம் போனார். வெட்டவெளியில் அவர் கண்ட காட்சி இது. இறக்கை ஒடிந்த மயில் காட்டை நோக்கி ஓடுகிறது. அதன் வாலைப் பல்லால் பிடித்தபடி, பின்பக்கம் தரையில் தேய, ராபின் இழுபட்டுப் போகிறது! மயிலை அவர் தூக்கியபோது அது காலை உதறியது. குட்டி குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. உடனே எழுந்து மறுபடி வந்தது.

மயிலைச் சுடலாமா என்று பழனி பக்கத்து வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். நியாயந்தான். அந்த நாளில் அதற்குத் தடை இல்லை. 1963-ல் மயில் தேசியப் பறவை ஆயிற்று. 1972-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதைக் கொல்வது குற்றம்.

அன்று வீடு திரும்பும்போது யாருக்குப் பெருமை அதிகம், நாய்க்கா, எஜமானருக்கா என்று சொல்ல முடியாது.

மந்தி கற்பித்த பாடம்

அடுத்த பாடத்தைச் சொல்லித் தந்தது கார்பெட் அல்ல. ஒரு குரங்கு.

கோடை கழிந்து நவம்பரில் குடும்பம் மலையிலிருந்து காலாதுங்கிக்கு இறங்கியது. 15 மைல் நடை. கார்பெட்டின் அக்காள் மாகி டோலியில் வந்தார். கொடைக்கானலுக்கு மோட்டார் பாதை வருவதற்கு முன் நம் பக்கத்திலும் டோலிதான். அக்காள், தம்பி இருவருமே கல்யாணம் செய்து கொள்ளாதவர்கள். கடைசி வரை ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள்.

ஒரு திருப்பத்தில் மந்திக் கூட்டம். அதில் ஒன்று ராபினின் மூக்குக்கு முன்னால் பாதையைத் தாண்டியது. ராபின் பாய்ந்தது. கார்பெட் விசில் அடித்தார். காதில் வாங்கவில்லை. சரிவில் இறங்கிப் புதருக்குள் நுழைந்தது.

நுழைந்த வேகத்தில் திரும்பி வந்தது. காது பின்னால் மடிந்திருந்தது. வால் காலுக்கு இடையில். அதன் பின்னால் ஒரு பெரிய சிறுத்தை!

கார்பெட் கையில் துப்பாக்கி இல்லை. தொண்டை கிழியக் கத்தினார். டோலி தூக்கியவர்களும் கத்தினார்கள். நூறு மந்திகள் மரத்தில் இருந்து கூக்குரல் இட்டன. ஒரு பாய்ச்சலில் எட்டிவிடும் தூரம். அந்தக் கணத்தில் சிறுத்தை ஏனோ திரும்பிப் பள்ளத்தில் மறைந்தது. ராபின் ஒரு சுற்றுச் சுற்றி, பாதைக்கு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து அது மந்தியைத் துரத்தியதே இல்லை. இன்னொன்றும் கற்றது. மந்தி அந்த மாதிரிக் கத்தினால் பக்கத்தில் சிறுத்தை இருக்கிறது என்று அர்த்தம். வருஷக் கணக்கில் சொல்லித் தர வேண்டிய பாடம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

மயங்கி விழுந்தது

பிறகுதான் இடி விழுந்தது. பறவை வேட்டைக்குப் பயிற்சி மறுபடி தொடங்கியதும் ராபின் மயங்கி விழுந்தது. கொஞ்சம் ஓடினால் போதும், கீழே சாயும். குட்டியாக இருந்தபோது பட்ட பட்டினி இருதயத்தைக் கெடுத்திருந்தது.

பறவை நாய்க்கு ஓட்டம்தான் வேலை. ஓட முடியாத நாயை என்ன செய்வது? பலர் வேறு நாய் பார்ப்பார்கள். இதை வாசலில் கட்டிப் போடுவார்கள். ஆனால் எஜமானர் துப்பாக்கியோடு புறப்படும்போது, வீட்டில் கட்டிக் கிடக்கும் துப்பாக்கி நாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். கார்பெட்டால் பார்க்க முடியவில்லை.

அவர் ஒரு வழி கண்டார். கேட்டால் சிரிப்பு வரும். குருவிக்கு ஓட முடியாத நாயைப் புலிக்குக் கூட்டிப் போனார்!

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. புலியின் தடம் பார்த்துப் போகிறவர்கள் ஓடுவதில்லை. ஒவ்வொரு அடியாக வைக்க வேண்டும். சருகு நொறுங்கக் கூடாது. குரைக்கக் கூடாது. அதற்கு வேண்டியது மூக்கும் பொறுமையும். இரண்டும் ராபினிடம் இருந்தன.

விடியலில் இருவரும் புறப்படுவார்கள். மண் தரையில் தடம் கண்ணுக்குத் தெரியும் வரை கார்பெட் முன்னால். தடம் புல்லிலும் புதரிலும் மறைந்துவிட்டால் ராபின் முன்னால். கண்ணுக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர். இப்படி மைல் கணக்கில் ஒரே விலங்கைப் பின்தொடர்ந்த நாட்களும் உண்டு.

ஒரே ஒரு முறை

இத்தனை வருஷப் பழக்கத்தில் ராபின் எஜமானரைக் கைவிட்டது ஒரே ஒரு முறை.

ஒரு மாலை, 15 கஜ தூரத்தில் ஒரு பெரிய ஆண் சிறுத்தை. கார்பெட் நிதானமாகக் குறி வைத்துச் சுட்டார். குண்டு இருதயத்துக்குக் கொஞ்சம் விலகிப் போயிற்று. சிறுத்தை எகிறி விழுந்து புதருக்குள் ஓடி மறைந்தது. சூரியன் சாயும் நேரம். வீடு 4 மைல். கூடவே மாகி வந்திருந்தார். அவரிடம் ஆயுதம் இல்லை. அவரைத் தனியே விடவும் முடியாது, அடிபட்ட சிறுத்தையின் பின்னால் கூட்டிப் போகவும் முடியாது. வீடு திரும்பினார்கள்.

மறுநாள் கார்பெட் ராபினை அழைத்துக் கொண்டு திரும்பிப் போனார். அடிபட்ட விலங்கை அப்படியே விடுவது பாவம். விட்டால் பிறகு ஆளையும் அடிக்கும். பல ஆட்கொல்லிகள் பழைய காயத்தால் ஆட்கொல்லி ஆனவை என்பது அவர் கண்ட உண்மை. ராபின் மோப்பம் பிடித்து முன்னே சென்றது. எங்கேயோ ஒரு புதரில் சிறுத்தை உயிரோடு, வலியோடு, கோபத்தோடு காத்திருந்தது. உறுமலோடு அது வெளிப்பட்டதும் ராபின் திரும்பி ஓடிவிட்டது.

சிறுத்தையின் கணக்கை அன்று கார்பெட் தனியாகத் தீர்த்தார்.

பிறகு நாய் திரும்பி வந்தது. இந்த இடத்தில்தான் எஜமானரின் குணம் தெரிகிறது. கார்பெட் கை ஓங்கவில்லை. அதட்டவும் இல்லை. அன்று நடந்தது அன்றோடு போயிற்று, இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டார். தமக்கும் அந்த மாதிரி ஓடத் தோன்றிய நேரங்கள் உண்டு என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

ராபின் மறுபடியும் காட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவரை விட்டு ஓடவில்லை.

துப்பாக்கி ஓய்ந்தது

வயது ஏற ஏறக் கார்பெட்டுக்குச் சுடுவதில் ஆசை குறைந்தது. சினிமாப் படம் எடுக்கும் காமிராவைத் தூக்கிக் கொண்டு காட்டுக்குப் போனார். மாதக் கணக்கில் காத்திருந்து, ஒரே இடத்தில் 7 புலிகளைப் படம் பிடித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாயூன் அடிவாரத்தில் அமைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரில் 500 மலைவாசிகளைப் பிரான்சுக்கு அழைத்துப் போனவர், இரண்டாம் போரில் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கும் வித்தை சொல்லிக் கொடுத்தார். அப்போது வயது 70-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. லெப்டினன்ட் கர்னல் பதவி கிடைத்தது. கூடவே நோயும் வந்தது.

1944-ல் அவருடைய குமாயூன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் பம்பாயில் வெளிவந்தது. அதில் வந்த வரும்படியைப் போரில் கண் இழந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். கடல் கடந்து அமெரிக்காவிலும் புத்தகம் பறந்தது. தி.ஜ.ர. அதைத் தமிழில் தந்தார்.

புலிகளுக்கு நடுவே அந்தப் புத்தகத்தில் ஒரு நாய்க்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ராபினுக்கு 13 வயது நெருங்கும்போது எழுதியது. நாய்க்கு அது கிழப் பருவம். இனி எழுந்திருக்க முடியாத படுக்கையில், எழுதுகிற எஜமானரின் காலடியில் அது கிடந்தது. 15 ரூபாய்க்கு வாங்கிய அதை, அன்றைக்கு இந்தியாவில் உள்ள பொன் எல்லாம் கொட்டினாலும் அவர் விற்கத் தயாராக இல்லை. சிறுத்தையைக் கண்டு ஓடிய கதையை இவ்வளவு காலம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தவர், அப்போது ராபினின் சம்மதம் கேட்டுக் கொண்டுதான் எழுதினாராம். கிழ நாய் வாலை ஆட்டியது.

1947 நவம்பரில் கார்பெட்டும் மாகியும் இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குப் போனார்கள். இந்த மண்ணை விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை என்றுதான் அவருடைய எழுத்தைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். அங்கே நியேரி என்ற ஊரில், 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி காலமானார். இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அவருடைய சமாதி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. காலாதுங்கி வீடு இப்போது காட்சிசாலை. அதன் வளவில், மரத்தடியில், ராபினைப் புதைத்த இடத்தை வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.